சும்மா இருக்கிற மூளை

“எதையும் குறிப்பா நினைக்காதீங்க. கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு எதிர்ல தெரியிற கூட்டல் குறியைப் பாருங்க. தூங்கிராதீங்க. மத்தபடி சும்மா இருந்தாப் போதும்” என்று ஹெட்போனுக்குள் டாக்டர் யாஸ்மின் சொன்னதும் காளிராஜனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தலை ஆடும், தலை ஆடினால் படம் கெடும் என்று முதலிலேயே சொல்லியிருந்ததால் வந்த சிரிப்பை அப்படியே வயிற்றுக்குள் அமுக்கிக்கொண்டான். சும்மா இருந்தாப் போதுமாம்ல! என்னமோ லேசுப்பட்ட காரியம் மாதிரி. இத்தனை வருசமாக ஊர்க்காரர்கள் அவனைப் பார்த்துச் சொன்னதே அதைத்தான், சும்மாதான இருக்கே, சும்மாதான இருக்கே என்று. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறக் கூப்பிடுகிறவனும் அதைத்தான் சொல்வான், ரேஷன் கடை வரிசையில் முந்துகிறவனும் அதைத்தான் சொல்வான். இன்றைக்கு என்னடாவென்றால் அந்தச் சும்மா இருப்பதையே ஒரு வேலையாகக் கொடுத்து, சிவகாசியிலிருந்து மதுரைக்கு வரவழைத்து, பச்சைத் துணி மாட்டி, பெரிய வெள்ளைக் குழாய்க்குள் மல்லாக்கப் படுக்க வைத்து மூளையைப் படம் பிடிக்கிறார்கள். பெருமைதான், இல்லை என்று சொல்ல முடியாது. முகத்துக்கு மேலே கூண்டு மாதிரி ஒன்று, அதில் சின்னதாக ஒரு கண்ணாடி, கண்ணாடிக்குள் கறுப்புத் திரை, திரை நடுவில் வெள்ளையாக அந்தக் கூட்டல் குறி. கையில் ஒரு ரப்பர் பந்து. பயமாக இருந்தால் அமுக்க வேண்டும், ஓடிவந்து வெளியே இழுத்துவிடுவார்கள். இரும்பு, தகடு எதுவும் உள்ளே வரக்கூடாது என்று அரைஞாண்கொடியைக்கூட உருவச் சொல்லிவிட்டார் டெக்னீசியன். கழுத்துத் தாயத்துக்குள் செப்புத் தகடு இருக்கிறதே என்று அன்னக்கனி அக்காதான் அவிழ்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள். “பயப்படாதடா, நான் வெளியிலதான் இருக்கேன்” என்றாள். சொல்லிவிட்டு முந்தானை முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள்.

எதையும் நினைக்காதே என்றால் மனசு கேட்குமா? குரங்கை நினைக்காமல் மருந்தைக் குடி என்று வைத்தியன் சொன்ன கதைதான். பிறந்ததிலிருந்து குரங்கை நினைக்காதவனுக்கும் அப்போது பார்த்து அது மடியில் வந்து உட்காரும். சரி, குரங்கு வரட்டும், இருந்துவிட்டுப் போகட்டும். குரங்குக்குப் பின்னாலேயே ஒன்று வந்தது பாருங்கள், அதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை. மருந்து. மருந்து என்றதும் காப்பி. காப்பி என்றதும் வெளியே வராந்தாவில் ஒயர்க்கூடையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிற அக்கா, கூடைக்குள் துண்டு சுற்றி வைத்த ஃபிளாஸ்க். சாயங்காலக் காப்பிக்குள் ஊர் திரும்ப முடியாது என்று வீட்டிலேயே போட்டுக் கொண்டுவந்துவிட்டாள். இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு கேண்டீன் இல்லாமலா போகும்? “அங்க வெந்நியில சாயத்தக் கலந்து காப்பின்னு குடுப்பான்” என்றாள் பஸ்ஸில். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வேண்டாம், காப்பி இப்போது வேண்டாம், வெளியே போய்ப் பார்த்துக்கொள்ளலாம், குறியைப் பார், குறியை.

தடக் தடக் தடக் என்று மிஷின் ஆரம்பித்தது. மற்றவர்களுக்கு இந்தச் சத்தம் பயமாக இருக்குமாம், டாக்டர் இரண்டு தடவை எச்சரித்தார். அவனுக்கு எதற்குப் பயம்? அச்சாபீஸில் ஆஃப்செட் மிஷின் பக்கத்தில் நின்றே பழகின காது. இருபது வயதில் அண்ணாச்சி ஒருத்தரின் அச்சாபீஸில் சேர்ந்த முதல் நாளே அவன் கையில் ஒரு லென்ஸைக் கொடுத்து, தாளின் ஓரத்தில் இருந்த இதே கூட்டல் குறியைத்தான் பார்க்கச் சொன்னார்கள். நீலத்துக்கு ஒரு அச்சுத்தகடு, பிளேட் என்பார்கள், சிவப்புக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று. நாலு பிளேட்டிலும் அதே இடத்தில் ஒரு கூட்டல் குறி இருக்கும். நாலும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தி ஒரே குறியாகத் தெரிந்தால் ஓட்டலாம். அந்தப் பொருத்தத்துக்குப் பேர்தான் ரிஜிஸ்டர். மஞ்சள் மட்டும் ஒரு மயிரிழை தள்ளினால் போச்சு, முருகனுக்கு இரண்டு மூக்கு, வள்ளிக்கு உதட்டுக்கு வெளியே உதடு. ரிஜிஸ்டர் தள்ளியிருக்கு, நிப்பாட்டு நிப்பாட்டு என்று கத்துவார்கள். வேடிக்கை என்னவென்றால் நாலு பிளேட்டையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒன்றிலும் ஒரு குற்றமும் இருக்காது. இங்கே திரையில் இருக்கிற குறி வெறும் வெள்ளை, நாலு வர்ணம் இல்லை. ஆனாலும் பழக்கதோஷம், எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்று கண் தேடிக்கொண்டே இருந்தது. போன மாதம் ஊரில் நடந்த மனநல முகாமில் டாக்டர் யாஸ்மின் அவனுக்கு விளக்கிச் சொன்னபோதும் அவனுக்கு இதுதான் ஞாபகம் வந்தது. “நீங்க சும்மா இருக்கும்போதும் மூளை சும்மா இருக்கிறதில்ல சார். ஒவ்வொரு இடமும் இன்னொரு இடத்தோட பேசிக்கிட்டே இருக்கும். சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். உங்களுக்கு வந்த மாதிரி நோய் உள்ளவங்களுக்கு அந்தப் பேச்சு கொஞ்சம் வேற மாதிரி இருக்குன்னு தெரியுது. சேர்ந்து போகவேண்டிய ரெண்டு இடம் சேராமப் போகுது, தேவையில்லாத வேற ரெண்டு இடம் ரொம்ப ஒட்டிக்கிது. ஒரு ஆளோட படத்தை மட்டும் பாத்து எதுவும் சொல்ல முடியாது. நிறையப் பேரோடதைச் சேத்துப் பாத்தாத்தான் தெரியும்” என்றார். அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆஸ்பத்திரி ஃபைலில் மனச்சிதைவு என்று எழுதியிருந்ததைப் பார்த்து, உள்ளே ஏதோ சில்லுச் சில்லாக உடைந்து கிடக்கிறது என்றல்லவா இத்தனை காலம் நினைத்திருந்தான்! உடையவில்லையாம். பிளேட்டெல்லாம் நல்ல பிளேட்டுதான். சேர்கிற இடத்தில்தான் கோளாறு. “எங்க ரிஜிஸ்டர் மாதிரியா டாக்டர்?” என்று கேட்டு, அது என்ன என்று அவர் கேட்டு, அவன் சொல்லி, அவர் “பாதி அப்படித்தான், மீதி எங்களுக்கே தெரியாது, அதுக்குத்தான் உங்களைக் கூப்பிடுறேன்” என்று சொன்னார். எங்களுக்கே தெரியாது என்று சொன்ன முதல் டாக்டர் அவர்தான். அதற்காகவே வருகிறேன் என்று சொல்லிவிட்டான்.

ரொம்ப ஒட்டிக்கொள்வது என்றால் என்ன என்று அவனைக் கேட்டால் சொல்வானே. சிவகாசியில் அடுத்த வருசம் ஆடியிலேயே வந்துவிடும். ஆடிப்பெருக்கன்று மாதிரிப் படங்களை அடுக்கின காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போட்டால், மார்கழி வரைக்கும் ஊர் பூராவும் இன்னும் பிறக்காத வருசத்துக்குள்தான் புழங்கும். தினசரிக் காலண்டரின் ஒவ்வொரு தாளிலும் அடியில் பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு வார்த்தை போட்டிருக்கும் அல்லவா, லாபம், செலவு, பயம், மறதி, ஜெயம் என்று. நாமெல்லாம் காலையில் கிழிக்கும்போது ஒரு தடவை பார்த்துவிட்டு மறந்துவிடுகிற சமாச்சாரம். அவன் அடுத்த வருசத்து மறதியையும் பயத்தையும் மைவாசனையோடு மொத்தமாகப் பார்த்துக்கொண்டு நின்றான். இருபத்து நாலாவது வயதில், ஒரு புரட்டாசியில், துலாம் ராசிக்காரனான அவனுக்கு அந்த வார்த்தைகள் ஒன்றோடு ஒன்று கைகோத்துக்கொண்டன. செவ்வாய்க்கிழமையின் பயம் புதன்கிழமையின் உறவோடு சேர்ந்தது. அது டீக்கடை ரேடியோவோடு சேர்ந்தது. அது எதிர்வீட்டு மாடியில் காய்கிற சிவப்புச் சட்டையோடு சேர்ந்தது. எல்லாம் சேர்ந்து அவனைப் பார்த்துத் திரும்பியது. அப்போது அவனுக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம், அதை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். உலகத்தில் ஒன்றுகூடத் தனியாக இல்லை! தூசிகூடத் தற்செயல் இல்லை! அப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் தை மாதத்து ஒரு முகூர்த்த நாளின் தாள் வந்தது. அன்றைக்குத்தான் அக்காவுக்குக் கல்யாணம் என்று பரிசம் போட்டிருந்தார்கள். அக்காவுக்குக் கடக ராசி. கடகம் என்று போட்டு எதிரே போட்டிருந்த வார்த்தை, தடை.

அவன் செய்ததை நினைத்தால் இப்போதும் காது சூடாகும். காலண்டர் தாள்களை வெட்டித் தேதிவாரியாக அடுக்கிச் சேர்க்கிற இடத்துக்கு அப்போது அவன்தான் பொறுப்பு. பக்கத்து ஊர் ஜவுளிக்கடை ஒன்றின் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு தேதியின் தாள்கட்டை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து, வீட்டில் நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்துவிட்டான். நாளே இல்லாவிட்டால் தடை எங்கே வந்து உட்காரும்? கணக்கு அவ்வளவு சுத்தம். ஜவுளிக்கடைக்காரர் வாங்கித் தன் வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்துவிட்டார். மார்கழிக் கடைசியில், அந்த ஊரில் வாக்கப்பட வேண்டிய வீட்டில், மாப்பிள்ளையின் அம்மா மகன் கல்யாணத் தேதிக்கு மஞ்சள் தொட்டு வைக்கலாம் என்று புதுக் காலண்டரைப் புரட்டியிருக்கிறாள். முந்தின நாள் இருக்கிறது, அடுத்த நாள் இருக்கிறது, கல்யாண நாளைக் காணோம். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, யாராக இருந்தாலும் அபசகுனம் என்றுதான் நினைப்பார்கள். கடையில் விசாரித்து, கடைக்காரர் அச்சாபீஸில் விசாரித்து, அச்சாபீஸில் இவனை விசாரித்து, இவன் சந்தோஷமாக எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி, “பொண்ணோட தம்பிக்குப் பைத்தியம்” என்று அந்தச் சம்பந்தம் அன்றைக்கே முறிந்துபோனது. தடையைத் தடுக்கப் போனவனே தடையாகி நின்றான். அந்தத் தேதி என்னவோ வந்தது, போனது. அன்றைக்கு அக்கா குளித்து, பழைய சேலை கட்டி, அடுப்பைப் பற்றவைத்து அவனுக்குத்தான் காப்பி போட்டாள். ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்கப்புறம் வந்த வரன்களுக்கெல்லாம் அவளே “எனக்கு எந்தம்பிதான் பிள்ளை” என்று பதில் சொல்லி அனுப்பிவிட்டாள்.

காப்பி. வந்துவிட்டது பாருங்கள், எந்தத் தெரு வழியாகப் போனாலும் முக்குக்கு முக்கு நிற்கிறது. சத்தம் மாறியது. இப்போது கீச் கீச்சென்று சன்னமாக, விட்டுவிட்டு. தாடைக்குப் பக்கத்தில் அரித்தது. சொறியக்கூடாது. சொறியாமல் இருக்கிறதை மூளை எந்த இடத்தில் வைத்திருக்கும்? இப்போது அரிப்பை நினைக்கிறேனே, அது படத்தில் விழுமா? அக்காவை நினைத்தால் எந்த இடம் ஏறும், காப்பியை நினைத்தால் எந்த இடம் இறங்கும்? ஒருவேளை அக்காவும் காப்பியும் ஒரே இடத்தில் இருந்தால்? கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற டாக்டருக்கு இந்நேரம் இவன் நினைப்பது தெரிந்துவிடுமோ என்று ஒரு பயம் குபுக்கென்று வந்தது. பழைய பயம், வாசல் தெரிந்த நாய் மாதிரி நேராக உள்ளே வந்தது. ரப்பர் பந்தின்மேல் விரல் இறுகியது. இல்லை இல்லை, அவர் சொல்லியிருக்கிறார், ரத்தம் எங்கே கூடுகிறது எங்கே குறைகிறது என்றுதான் தெரியும், நினைப்பு தெரியாது. தெரியாது என்றுதான் சொன்னார். தெரிந்தால்தான் என்ன, தெரிந்தால் ஒரு வகையில் நல்லதுதானே, வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை. விரல் மெல்லத் தளர்ந்தது.

சொல்ல வேண்டிய விசயம் இதுதான். ஆரம்பத்தில் கொடுத்த மாத்திரையை அவன் விழுங்கவே இல்லை. அது தேதிகளை அழிக்கிறது என்று நினைத்தான், துப்பினான், தட்டிவிட்டான், ஒருதடவை அக்காவின் கையைக் கடித்தே விட்டான். அப்புறம் ஒருநாள் மாத்திரைப் பேச்சு வீட்டில் நின்றுபோனது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தான். ரொம்ப நாள் அந்த வெற்றியில்தான் இருந்தான். மாத்திரையே இல்லாமல் தானாகவே தெளிந்தவன் என்று. ஆனால் சாயங்காலக் காப்பிக்கு முன்னால் அடுப்படியில் நறுக்கென்று ஒரு சத்தம் கேட்கும், இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் எதையோ வைத்து நசுக்குகிற மாதிரி. காலைக் காப்பிக்கு அந்தச் சத்தம் கிடையாது. காலைக் காப்பி கசக்காது. மாதத்துக்கு ஒருதரம் அக்கா விருதுநகர் மாரியம்மனுக்கு வேண்டுதல் என்று போவாள், வரும்போது நெற்றியில் குங்குமம் இருக்காது. அவன் குடிக்கும்போது அக்கா எதிரே நின்று அவன் தொண்டையையே பார்ப்பாள், கடைசி மடக்கு இறங்கினதும்தான் நகர்வாள். பெரியம்மா கருமாதிக்கு என்று அவள் தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்துக்குப் போய்த் தங்கிய நாட்களில் சோப்பு விளம்பரமும் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும் மெல்ல மெல்ல ஒன்றை ஒன்று தொட ஆரம்பித்தன. அவள் திரும்பி வந்து காப்பி போட்டதும் அடங்கிவிட்டன. அட, இதைச் சோதித்துத்தான் பார்ப்போமே என்று, கொஞ்ச நாள் காப்பியை வாங்கிக் கொல்லையில் முருங்கை மூட்டில் ஊற்றிப் பார்த்தான். மறுபடி தொட ஆரம்பித்தன. குடித்தான், அடங்கின. முருங்கை மரத்துக்குத்தான் புத்தி ரொம்பத் தெளிந்திருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாக அவள் மறைக்க, அவனும் சோற்றைத் தின்றுகொண்டு பூசணிக்காயா, எங்கே என்று இருந்துவிட்டான். அதற்கப்புறம் ஒரு நாளும் காப்பியைக் கொட்டவில்லை.

இதில் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அந்த இடத்துக்கு வந்துதான் அவன் நினைப்பு ஒவ்வொரு முறையும் முள்ளில் சேலை மாட்டின மாதிரி நின்றுவிடும். கண்ணால் பார்த்தானா? பார்க்கவில்லை. ஒருதடவைகூட அடுப்படிக்குள் எட்டிப் பார்த்ததில்லை. கரண்டிச் சத்தம், கசப்பு, குங்குமம் இல்லாத நெற்றி, தொண்டையைப் பார்க்கிற கண், இதையெல்லாம் சேர்த்தது யார்? அவன் மூளை. எந்த மூளை? முகூர்த்த நாளையும் சிவப்புச் சட்டையையும் சேர்த்ததே, அதே மூளை. கரண்டியில் ஏலக்காய் நசுக்கியிருக்கலாம். சிக்கரி கூடினால் காப்பி கசக்கத்தான் செய்யும். குங்குமம் வேர்வையில் அழிந்திருக்கும். தம்பி குடிப்பதைப் பார்ப்பது ஒரு குற்றமா? முகாமில் டாக்டர் யாஸ்மின் அதையும் கேட்டார். “உங்களுக்குத் தெரியாம யாராவது சாப்பாட்டுல எதையாவது கலக்குறாங்கன்னு தோணியிருக்கா சார்?” “முன்னாடி தோணும்.” “இப்ப?” அவன் அக்காவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள், அங்கே எறும்பு ஒன்றும் போகவில்லை. “இப்பத் தோணல” என்றான். “நல்லது. அப்படித் தோணினா அது நோயோட வேலைதான், யாரும் எதுவும் கலக்க மாட்டாங்க” என்று டாக்டர் அன்பாகச் சொன்னார். அக்கா தரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

அடுத்த கேள்விதான் எல்லாவற்றையும் கொண்டுவந்து இந்தக் குழாய்க்குள் நிறுத்தியது. “மாத்திரை எதுவும் சாப்பிடுறாரா?” கேட்டது அக்காவிடம். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான், பாவம், என்ன சொல்வாள்? “அவன் மாத்திரையக் கையால தொட்டே வருசக் கணக்காச்சு டாக்டரம்மா” என்றாள். பொய் சொல்லத் தெரியாத அன்னக்கனி. சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. டாக்டரின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. இத்தனை வருசம் மருந்தே எடுக்காத ஆள் கிடைப்பது ரொம்ப அபூர்வம் என்றார். மருந்து சாப்பிடுகிறவர்களின் படத்தில் ஒரு வித்தியாசம் தெரிந்தால் அதை நோய் செய்ததா, மருந்து செய்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது, உங்களை மாதிரி ஆட்களை வைத்துத்தான் அது தெரியும், அப்படி இதுவரைக்கும் விரல்விட்டு எண்ணுகிற பேர்தான் இருக்கிறார்கள் என்றார். அபூர்வம். அவனை யாரும் அந்தச் சொல்லால் கூப்பிட்டதில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதை நாக்கில் வைத்துச் சப்பிக்கொண்டே போனான். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ருசி அப்படி.

இப்போது சொன்னால்? உண்மையாக இருந்தால் அக்காவுக்கு டாக்டர் முன்னால் அவமானம். இத்தனை நாள் தெரிந்துகொண்டேதான் குடித்தானா, என்னை வைத்து வேடிக்கை பார்த்தானா என்று நினைப்பாள். அந்தக் காப்பி போட்ட கை அதற்கப்புறம் எப்படிக் காப்பி போடும்? உண்மை இல்லாவிட்டால் அதைவிட மோசம். ஆளுக்குச் சந்தேகம் திரும்பி வந்துவிட்டது, சொந்த அக்காவையே விசம் வைக்கிறாள் என்கிறான் என்று ஆகும். அவள் உடைந்துபோவாள். தாயத்துப் போதாது என்று இன்னொன்று கட்டுவாள். சொல்லாமல் இருந்தால்? சொல்லாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. காப்பி வரும், குடிக்கலாம், பஸ் ஏறலாம். இவன் படம் அந்த விரல்விட்டு எண்ணுகிற பேரோடு போய் உட்கார்ந்துகொள்ளும். மருந்தே இல்லாத மூளை என்று. அதை வைத்து அவர்கள் கணக்குப் போடுவார்கள், அந்தக் கணக்கைப் பார்த்து இன்னொரு டாக்டர், எங்கோ ஒரு ஊரில் இருபத்து நாலு வயதில் ஒருவனுக்கு எல்லாம் ஒட்டிக்கொள்ள ஆரம்பிக்கும்போது அவனுக்கு இந்த மருந்து வேண்டும், இது வேண்டாம் என்று சொல்வார். நாலு பிளேட்டில் ஒரு பிளேட்டு தப்பு. யாருக்கும் தெரியாது. லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் தெரியாது. மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒரு தாளை எடுத்து ஒளித்துவிட்டு முன்பு ஒருதடவை காலண்டரை அனுப்பினவன் அவன். முந்தின நாள் இருந்தது, அடுத்த நாள் இருந்தது. அந்த அம்மா புரட்டிப் புரட்டித் தேடியதை அவன் பார்த்ததில்லை, ஆனால் எத்தனையோ தடவை பார்த்துவிட்டான். இன்னொருதடவையா? அதுவும் இப்போது, தெளிந்த புத்தியோடு? தலைக்கு மேலே கூட்டல் குறி அப்படியே நின்றது. பார்த்துப் பார்த்து அதன் ஓரங்கள் லேசாகக் கரைந்து, இரண்டாகி, திரும்பவும் ஒன்றானது. தொண்டையில் எச்சில் விழுங்கினான். விழுங்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ச்சே, என்ன வாழ்க்கைடா இது, அவனுக்குச் சொந்தமாக ஒரு பெருமை கிடைத்தால் அதுவும் கடன் வாங்கின காப்பியாக இருக்கிறது என்று கோபம் வந்தது, உடனே சிரிப்பும் வந்தது. சத்தம் நின்றது. அவ்வளவு நேரம் இரைந்துகொண்டிருந்த இடத்தில் திடீரென்று ஒன்றும் இல்லாமல் போக, தன் மூச்சுச் சத்தம் தனக்கே யாரோ பக்கத்தில் படுத்திருக்கிற மாதிரி கேட்டது. “முடிஞ்சுது சார். அருமையா இருந்தீங்க, அசையவே இல்ல” என்றார் டாக்டர் யாஸ்மின் ஹெட்போனில். கட்டில் மெதுவாக வெளியே நகர்ந்தது.

சட்டை மாட்டிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தபோது அக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. அவன் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள், நெற்றியைத் தொட்டாள், “தலை வலிக்குதாடா? சூடா இருக்கா உள்ள?” என்றாள். “ஒண்ணுமில்லக்கா, அச்சாபீஸ் மாதிரிதான் இருந்துச்சு” என்றான். முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தாயத்தை எடுத்து அவன் கழுத்தில் கட்டிவிட்டு, உட்காரச் சொல்லி, கூடைக்குள்ளிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்தாள். மூடியில் ஊற்றினாள். ஆவி பறந்தது. அந்நேரம் பார்த்து டாக்டரும் ஃபைலோடு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். களைத்துப்போயிருந்தார், ஆனால் கண்ணில் சந்தோஷம். “படம் ரொம்பத் தெளிவா வந்திருக்கு சார். அடுத்த வாரம் பெருசாக்கி உங்களுக்கே காட்டுறேன். ஃபைலை மூடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுக்கணும், அது எங்க முறை. மாத்திரை, ஊசி, நாட்டு மருந்து, எதுவும் எடுக்கலதான?” அவர் பேனாவைத் திறந்தார். “அதான் சொன்னேனே டாக்டரம்மா” என்றாள் அக்கா, மூடியை அவன் கையில் கொடுத்துக்கொண்டே. “கையால தொட்டே…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

காளிராஜன் காப்பியை வாங்கினான். ஒரு மடக்கு குடித்தான். அக்கா அவன் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது மடக்கு, மூன்றாவது. கடைசி மடக்கில் அடியில் மண்டி மாதிரி ஒன்று நாக்கில் பட்டது. அது காப்பித்தூளாகவும் இருக்கலாம். அதையும் விட்டுவைக்காமல் குடித்துவிட்டு மூடியைக் கவிழ்த்துக் காட்டினான். குழாய்க்குள் முழுசாக வராத பயமெல்லாம் இந்த வராந்தாவில் வந்து நின்றது. தப்பாக இருந்தால் எல்லாம் போச்சு. அவன் டாக்டரைப் பார்க்கவில்லை.

“அக்கா, நாளையிலேருந்து மாத்திரையத் தனியாக் குடு. நானே முழுங்கிக்கிறேன். காப்பி கசக்குது” என்றான்.

டாக்டர் யாஸ்மினின் பேனா எழுதப் போன இடத்திலேயே நின்றது. அவர் அவனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி அவனைப் பார்த்தார். பக்கத்தில் யாரோ லிஃப்டுக்காகப் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தார்கள். “யாரும் எதுவும் கலக்க மாட்டாங்கன்னு நான் உங்ககிட்ட சொன்னேன்ல” என்றார் கடைசியில், ரொம்ப மெதுவாக. “அதனாலென்ன டாக்டர், உங்களுக்கு எப்பிடித் தெரியும்? எனக்குமே சரியாத் தெரியாது. கேட்டுத்தான் பாப்பமேன்னு கேட்டேன். அப்ப நான் அந்த அபூர்வமான ஆளுங்கள்ல சேத்தி இல்லைல?” “இல்ல சார். மருந்து எடுக்கிறவங்களோட சேர்ப்போம்.” “அதுல நிறையப் பேரா?” “நிறையப் பேர்.” “சரி” என்றான். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

அக்கா யாரையும் பார்க்கவில்லை. ஃபிளாஸ்க் மூடியை முந்தானையால் துடைத்தாள். ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். முகம் செத்துப்போயிருந்தது. காளிராஜனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஐயோ, நோய்தான் பேசியிருக்கிறதா, நானாகத்தான் சேர்த்துக்கொண்டேனா, அக்கா, ஏதாவது சொல்லேன், திட்டவாவது செய்யேன் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் மூடியைத் திருகி மாட்டி, ஃபிளாஸ்க்கைத் துண்டில் சுற்றிக் கூடைக்குள் வைத்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

“ரெண்டு கரண்டி சீனி கூடத்தானடா போட்டேன்” என்றாள்.